ஒன்றுபோல் தோன்றும் கடல்மீன்களை இனம் பிரித்தறிவது எப்படி?

உலகின் மிகக் கனமான எலும்பு மீன் எது என்ற கேள்விக்கு, 2018 வரை பெரும்பாலான நூல்கள் மோலா மோலா என்னும் சூரிய மீனின் பெயரையே விடையாகத் தந்தன. 1996-இல் ஜப்பானின் கமோகாவா கடற்பகுதியில் பிடிபட்ட, 2,300 கிலோ எடையுள்ள ஒரு மீன் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எட்சுரோ சவாய் என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2018-இல் அந்த அடையாளத்தைத் திருத்தினார்கள். அந்த மீன் மோலா மோலாவின் நெருங்கிய உறவான மோலா அலெக்சாந்திரினி என்பது தெரியவந்தது. 2021 டிசம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அசோரஸ் தீவுக்கூட்டத்தின் ஃபயால் தீவுக்கு அருகே இறந்து மிதந்த, 2,744 கிலோ எடையுள்ள மீனும் அலெக்சாந்திரினியே. மூன்று மீட்டருக்கும் மேல் வளரும் ஒரு மீனையே இத்தனை காலம் அதன் உறவினத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள முடிந்திருக்கிறது என்றால், கையளவே உள்ள மீன்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

நெருங்கிய உறவுடைய இரண்டு கடல்மீன்களை வேறு வேறு சிற்றினங்கள் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மரபணு ஆய்வு வந்துவிட்ட பிறகு துடுப்பையும் செதிலையும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. அது சரியன்று என்பதே என் கருத்து. மரபணு வேறுபாடு, இங்கே ஏதோ பிரிவு இருக்கிறது என்று சுட்டிக்காட்டும். அந்தப் பிரிவு எத்தகையது, அதைக் கையில் இருக்கும் மீனில் எங்கே பார்க்க வேண்டும், அந்த மீனுக்கு எந்தப் பெயர் உரியது என்ற கேள்விகளுக்கு உடலைப் பார்த்தே விடை காண வேண்டியிருக்கிறது.

சிற்றினம் என்ற சொல்லுக்கு உயிரியலாளர்கள் பல வரையறைகளைத் தந்துள்ளனர். தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிற கூட்டங்களோடு பெரும்பாலும் கலவாமல், நெடுங்காலமாகத் தனி வழியில் வந்துகொண்டிருக்கும் ஓர் உயிர்க்கூட்டம் ஒரு சிற்றினம் என்று இப்போதைக்குக் கொள்வோம். இந்த வரையறையில் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரு கூட்டங்கள் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் கடந்த பிறகும், அவை ஒரே வகையான நீரில், ஒரே வகையான இரையை உண்டு, ஒரே வகையான பகை விலங்குகளுக்குத் தப்பி வாழ்ந்தால், உடலமைப்பு பெரிதாக மாறுவதற்கான காரணம் குறைவு. திறந்த கடலில் இது அடிக்கடி நிகழ்கிறது. முதுகுப்புறம் கருநீலமும் வயிற்றுப்புறம் வெள்ளியுமாக இருப்பது அங்கே வாழும் எத்தனையோ மீன்களுக்குப் பொதுவான பாதுகாப்பு. ஆகவே அந்த நிறத்தை வைத்து உறவைக் கணிக்க முடியாது. கண்ணால் பிரித்தறிய அரிதான இத்தகைய இனங்களை மறைநிலைச் சிற்றினங்கள் என்கிறார்கள்.

உடல் தரும் சான்று

மீனின் உடலில் பார்க்கப்படும் பண்புகளில் முதன்மையானவை எண்ணக்கூடியவை. முதுகுத் துடுப்பில் எத்தனை முட்கள், எத்தனை மென்கதிர்கள், உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் நோக்கி ஓடும் பக்கக்கோட்டின் நெடுகிலும் எத்தனை செதில்கள், செவுள் வளைவில் எத்தனை வடிமுட்கள், முதுகுத்தண்டில் எத்தனை முள்ளெலும்புகள் என்று எண்ணி எழுதுவார்கள். எண்ணிக்கைகளுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மீன் மிகச் சிறியதாக இருக்கும்போதே அவற்றுள் பல நிலைபெற்றுவிடுகின்றன. பிறகு மீன் எவ்வளவு வளர்ந்தாலும் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆயினும் அவையும் முற்றிலும் உறுதியானவை அல்ல. குளிர்ந்த நீரில் வளரும் கருக்களுக்கு முள்ளெலும்புகளின் எண்ணிக்கை சற்றுக் கூடும் போக்கு பல மீன்களில் காணப்படுகிறது. ஒரே இனத்தின் வடபகுதிக் கூட்டமும் தென்பகுதிக் கூட்டமும் இக்காரணத்தால் ஓரிரு எலும்பு வேறுபடலாம். எனவே ஒரு மீனை மட்டும் எண்ணிவிட்டுப் புதிய இனம் என்று அறிவிப்பது முறையாகாது. பல இடங்களிலிருந்து பல மீன்களை எண்ணி, எண்ணிக்கை எங்கிருந்து எங்குவரை பரவியிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அடுத்தவை அளக்கக்கூடியவை. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை உள்ள நீளத்தை நிலையான நீளம் என்பார்கள். தலையின் நீளம், உடலின் உயரம், கண்ணின் விட்டம் முதலியவற்றை அந்த நீளத்தின் விழுக்காடாகக் குறித்தால்தான் சிறிய மீனையும் பெரிய மீனையும் ஒப்பிட இயலும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. குஞ்சு மீனுக்குக் கண் பெரிது. வளர வளர உடலோடு ஒப்பிடுகையில் அது சிறுத்துவிடும். ஆகவே ஓர் இனத்தின் இளம் மீன்களை மற்றோர் இனத்தின் முதிர்ந்த மீன்களோடு ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும்.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கானாங்கெளுத்தி என்றும் அயிலை என்றும் அழைக்கப்படும் மீன் இதற்கு நல்ல பயிற்சிப் பொருள். அது ராஸ்ட்ரெல்லிஜர் என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியை, சேர்ந்தது. அப்பேரினத்தில் கனகுர்த்தா, பிராக்கிசோமா, ஃபோனி என மூன்று சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. நம் கரைகளில் மிகுதியாகக் கிடைப்பது கனகுர்த்தா. அதன் வாயைத் திறந்து உள்ளே பார்த்தால் நீளமான வடிமுட்கள் செவுள் வளைவிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஃபோனியின் வடிமுட்கள் குட்டையானவை, எண்ணிக்கையிலும் குறைவு. பிராக்கிசோமாவின் உடல் மற்ற இரண்டையும்விட உயரமானது. வயிற்றைத் திறந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பிராக்கிசோமாவின் குடல் அதன் உடல் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும். ஃபோனியின் குடல் ஏறத்தாழ உடல் நீளமே இருக்கும். கனகுர்த்தா இரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த வேறுபாடுகளுக்குக் காரணம் உண்டு. நீரில் மிதக்கும் நுண்ணிய தாவர உயிரிகளை வடித்து உண்பதற்கு நீண்டு நெருங்கிய வடிமுட்கள் தேவை. அவற்றைச் செரிப்பதற்கு நீண்ட குடல் தேவை. சற்றுப் பெரிய விலங்கு மிதவைகளை உண்பதற்கு இரண்டும் அந்த அளவுக்குத் தேவைப்படுவதில்லை. இவ்வாறு ஒரு பண்பு மீனின் வாழ்க்கை முறையோடு பொருந்திவரும்போது, அது தற்செயலான மாறுபாடாக இருக்கக்கூடும் என்ற ஐயம் குறைகிறது.

சூரை மீன்களில் இத்தகைய சான்று ஈரலில் இருக்கிறது. மஞ்சள்துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் இளமையில் ஒன்றுபோலவே இருக்கும். அனுபவம் மிக்கவர்களும் வெளித்தோற்றத்தை வைத்து அவற்றைப் பிரிக்கத் தடுமாறுவார்கள். வயிற்றைக் கீறி ஈரலைப் பார்த்தால் ஐயம் தீரும். மஞ்சள்துடுப்புச் சூரையின் ஈரல் வழவழப்பானது. அதன் வலப்பக்க மடல் மற்றவற்றைவிட நீண்டிருக்கும். பெருங்கண் சூரையின் ஈரலிலோ இரத்தக் குழாய்களாலான வரிகள் காணப்படும். அதில் நடு மடலே பெரியது. அந்த வரிகள் உடல் வெப்பத்தைக் காப்பதோடு தொடர்புடையவை. ஆழத்தில் உள்ள குளிர்ந்த நீருக்கு இறங்கி இரை தேடும் மீனுக்கு அவை பயன்படுகின்றன. இங்கும் உறுப்பின் வடிவம் வாழும் முறையைச் சொல்கிறது.

எலும்புகளை அறுக்காமலே பார்க்க எக்ஸ்ரே படமும் சி.டி. ஸ்கேனும் இன்று உதவுகின்றன. நிறத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும் போதும்: மீன் இறந்த சில மணி நேரத்தில் நிறம் மங்கத் தொடங்குகிறது, பதப்படுத்தும் திரவத்தில் போட்ட பிறகு அது ஏறக்குறைய முற்றிலும் போய்விடுகிறது. நிறத்தை நம்ப வேண்டுமானால் மீன் உயிரோடிருக்கும்போதோ பிடித்த உடனேயோ படம் எடுத்திருக்க வேண்டும்.

மரபணு தரும் சான்று

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு உள்ளது. அதில் நான்கு வகை வேதிப்பொருள்கள் வரிசையாக அமைந்திருப்பதை நான்கு எழுத்துகளால் ஆன ஒரு நூல் என்று கொள்ளலாம். பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட நிலை இங்கும் பொருந்தும். ஒரு மூலச்சுவடியிலிருந்து இரண்டு ஊர்களில் தனித்தனியே படி எடுத்து, அந்தப் படிகளிலிருந்து மீண்டும் மீண்டும் படி எடுத்துக்கொண்டே போனால், ஒவ்வோர் ஊரின் படிகளிலும் அவ்வூருக்கே உரிய பிழைகள் சேரும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவை எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்பதையும், பொதுவாக உள்ள பிழைகளைக் கொண்டு எந்தப் படி எதற்கு நெருக்கமானது என்பதையும் ஊகித்துவிடலாம். இனப்பெருக்கத்தில் கலப்பு நின்றுபோன இரு மீன்கூட்டங்களின் டி.என்.ஏ.வில் நிகழ்வதும் இதுவே.

முழு டி.என்.ஏ.வையும் படிப்பது அண்மைக்காலம் வரை பெருஞ்செலவு பிடித்தது. எனவே ஒரு சிறிய பகுதியைத் தேர்ந்தெடுத்துப் படிப்பது வழக்கமானது. உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உள்ளது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஓர் உயிரணுவில் ஏராளமான படிகளாக இருப்பதால் சிறு தசைத்துண்டிலிருந்தும் எளிதில் கிடைக்கிறது. விலங்குகளில் உட்கரு டி.என்.ஏ.வைவிட விரைவாக மாறுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும், இதிலுள்ள சி.ஓ.1 என்னும் மரபணுவின் ஒரு பகுதியை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளக் குறியாகப் பயன்படுத்தலாம் என்று 2003-இல் முன்மொழிந்தார்கள். இதற்கு டி.என்.ஏ. பார்கோடிங் என்று பெயர்.

கடல்மீன்களில் இம்முறை எவ்வளவு பயன்படும் என்பதை ஆஸ்திரேலியாவின் ராபர்ட் வார்டும் அவருடைய குழுவினரும் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கடல்மீன்களான 207 இனங்களில் இம்மரபணுவின் 655 எழுத்துகளை அவர்கள் படித்தார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மீன்களுக்கிடையே சராசரி வேறுபாடு 0.39 விழுக்காடு, ஒரே பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்களுக்கிடையே அது 9.93 விழுக்காடு. அதாவது ஒரே இனத்துக்குள் ஏறத்தாழ இரண்டு மூன்று எழுத்துகள் மாறியிருக்க, நெருங்கிய உறவினத்தோடு ஒப்பிட்டால் 65 எழுத்துகள் அளவுக்கு மாறியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்தப் பெரிய இடைவெளிதான் முறையின் வலிமை. துண்டாக நறுக்கி உறையவைத்து விற்கப்படும் மீனைக்கூட இதைக் கொண்டு இனம் காண முடியும். தலையும் துடுப்பும் இல்லாத துண்டில் உடலமைப்பு அறிஞர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விரும்பி உண்ணப்படுவதும் வளர்க்கப்படுவதுமான கொடுவா மீனின் வரலாறு இம்முறையின் பயனை நன்கு காட்டும். லேட்டஸ் கால்கரிஃபர் என்னும் ஒரே இனம் பாரசீக வளைகுடா தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 1984-இல் ஜப்பானில் வாழ்வது தனி இனம் என்று பிரிக்கப்பட்டது. 2008-இல் வார்டும் குழுவினரும் ஆஸ்திரேலியக் கொடுவாவையும் மியான்மர்க் கொடுவாவையும் ஒப்பிட்டபோது, சி.ஓ.1 பகுதியில் சுமார் 9.5 விழுக்காடு வேறுபாடு இருந்தது. ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது மிக அரிது. எனினும் அவர்கள் உடனே புதுப்பெயர் சூட்டிவிடவில்லை. 2012-இல் இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியாகொடவும் ஆந்தனி கில்லும் பாதுகாத்து வைக்கப்பட்ட மீன்களை அளந்தும் எண்ணியும், மியான்மரிலிருந்து லேட்டஸ் உவிசாரா, மேற்கு இலங்கையிலிருந்து லேட்டஸ் லக்திவா என இரண்டு புதிய இனங்களை விவரித்தார்கள். இலங்கை மீன் ஒடுக்கமான உடலுடையது. அதன் உடல் உயரம் நிலையான நீளத்தில் 26.6 முதல் 27.6 விழுக்காடு வரை மட்டுமே. மியான்மர் மீனில் அது 28.4 முதல் 34.5 வரை செல்கிறது. கொடுவா வளர்ப்பில் தாய்மீன்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்படும் சூழலில், இவை வேறு இனங்கள் என்பதை அறியாமல் கலந்துவிடுவது எத்தகைய இழப்பு என்பதை வளர்ப்போர் உணர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மரபணு வழிதவறச் செய்யும் இடங்கள்

இத்தனை விழுக்காடு வேறுபட்டால் வேறு இனம் என்று ஓர் எல்லைக்கோடு இருந்தால் எளிதாக இருக்கும். நடைமுறையில் இரண்டு அல்லது மூன்று விழுக்காட்டைத் தாண்டினால் ஐயப்பட வேண்டும் என்ற வழக்கம் உண்டு. ஆயினும் அது ஒரு கைக்கணக்கு மட்டுமே. இயற்கையில் அப்படிப்பட்ட எல்லை எதுவும் இல்லை.

பசிபிக் நீலத்துடுப்புச் சூரையை எடுத்துக்கொள்வோம். உடலமைப்பில் அது அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரைக்கு மிக நெருக்கமானது. நெடுங்காலம் இரண்டும் ஒரே இனத்தின் இரு பிரிவுகளாகவே கருதப்பட்டன. அதன் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படித்தபோது, மிக நீண்ட மார்புத் துடுப்பைக் கொண்ட அல்பகோர் சூரையின் டி.என்.ஏ.வோடு அது நெருங்கியிருந்தது. உட்கரு டி.என்.ஏ.வைப் படித்தபோதோ, உடலமைப்பு சொன்னபடியே அட்லாண்டிக் உறவினத்தின் பக்கம் நின்றது. முன்னொரு காலத்தில் நிகழ்ந்த கலப்பினச் சேர்க்கையின் வழியாக ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா மற்றோர் இனத்துக்குள் புகுந்து நிலைத்துவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். தாய்வழியில் மட்டும் வரும் டி.என்.ஏ. தாய்வழியின் வரலாற்றை மட்டுமே சொல்லும். இனத்தின் முழு வரலாறு அதிலிருந்து வேறுபடலாம். இக்காரணத்தால் மைட்டோகாண்ட்ரியாவோடு உட்கருவின் மரபணுக்கள் சிலவற்றையாவது சேர்த்துப் படிப்பது இன்று நல்ல ஆய்வுக்கு அடிப்படைத் தேவையாகக் கருதப்படுகிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கரீபியக் கடலின் பவளப்பாறைகளில் வாழும் ஹாம்லெட் மீன்கள், ஹைப்போபிளெக்ட்ரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. கருநிறம், மஞ்சள், நீலம், பட்டைகள் என்று ஒவ்வொன்றும் தனித்த நிறக்கோலம் உடையது. பெரும்பாலும் தன் நிறத்தவற்றோடே இணைசேர்கிறது. அவற்றின் பார்கோடுகளை மட்டும் பார்த்தால் அனைத்தும் ஒரே இனம் என்றே தோன்றும். முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, அவற்றுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு என்றும், தெளிவான வேறுபாடுகள் பார்வையோடும் நிறமியோடும் தொடர்புடைய மரபணுக்களை அடுத்த சில குறுகிய பகுதிகளில் மட்டும் குவிந்திருக்கின்றன என்றும் காட்டியது. பிரிவு இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. இத்தகைய இடத்தில் 655 எழுத்துகள் எதையும் சொல்லப்போவதில்லை. நிறத்தைக் கண்ணால் பார்த்தவரே முதலில் அறிந்தவர்.

மோலா டெக்டா கண்டறியப்பட்ட விதம்

இரு சான்றுகளும் ஒன்றையொன்று தேடிச் சென்று சேர்ந்த வரலாறு சூரிய மீன்களுடையது. இவை பேத்தை மீன்களின் வரிசையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு வால் துடுப்பு கிடையாது. முதுகுத் துடுப்பின் கதிர்களும் குதத் துடுப்பின் கதிர்களும் பின்புறம் வளர்ந்து கூடி, கிளேவஸ் எனப்படும் அகன்ற விளிம்பாக முடிகின்றன. முட்டையிலிருந்து சில மில்லிமீட்டர் அளவில் வெளிவந்து மூன்று மீட்டர் வரை வளர்வதற்குள் உடலின் வடிவம் பலமுறை மாறிவிடுகிறது. இவ்வளவு பெரிய மீனை முழுதாகப் பாதுகாக்க அருங்காட்சியகங்களில் இடம் இல்லை. பஞ்சடைத்து உலர்த்தியவையோ சுருங்கி உருமாறிவிடுகின்றன. இதனால் கிடைத்த ஒவ்வொரு மீனையும் புதிய இனம் என்று எண்ணி, இப்பேரினத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை அறிஞர்கள் சூட்டிவிட்டார்கள். 1951-இல் ஃபிரேசர்-புரூனர் என்பவர் அவற்றை இரண்டே இனங்களாகச் சுருக்கினார்.

2009-இல் ஜப்பானியக் கரையோர மீன்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் டி-லூப் என்னும் வேகமாக மாறும் பகுதியைப் படித்தவர்கள், இரண்டு தெளிவான குழுக்களைக் கண்டு, உடலிலும் அவற்றுக்குரிய வேறுபாடுகளைக் காட்டினார்கள். பிற கடல்களிலிருந்து வந்த மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றாவதாக ஒரு குழு தென் அரைக்கோளத்தில் தென்பட்டது. ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மரியான் நியெகார்ட், மீன்பிடிக் கப்பல்களில் பிடிபடுவதைக் கண்காணித்துப் பதிவு செய்யும் பார்வையாளர்கள் வெட்டி அனுப்பிய தோல் துண்டுகளில் அந்த மூன்றாவது குழுவை மீண்டும் கண்டார். ஆனால் அந்தத் தோல் எத்தகைய மீனிலிருந்து வந்தது என்பது எவருக்கும் தெரியாது. மரபணு ஓர் இனம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லியும், அந்த இனத்தின் முகம் எப்படியிருக்கும் என்று சொல்ல இயலாமல் சில ஆண்டுகள் கழிந்தன.

2014-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அருகே ஒரே கடற்கரையில் நான்கு சூரிய மீன்கள் ஒதுங்கின. நியெகார்ட் அங்கே சென்று அவற்றை நேரில் கண்டார். அதன் பின் கரையொதுங்கிய மீன்களைத் தேடித் தேடிச் சென்று மொத்தம் 27 மீன்களின் தரவுகளைத் திரட்டினார். மோலா மோலாவில் முதிர்ந்த மீனின் கிளேவஸ் விளிம்பு அலையலையாக இருக்கும். அலெக்சாந்திரினியில் விளிம்பு வளைவாகவும், தலையின் மேலும் தாடையின் கீழும் புடைப்பு வளர்ந்தும் இருக்கும். புதிய மீனிலோ முதிர்ந்த பிறகும் தலைப் புடைப்போ நீட்டிய மூக்கோ இல்லை. அதன் கிளேவஸில், செதில் குன்றிய வழவழப்பான ஒரு மடிப்பு குறுக்கே அமைந்து மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரிக்கிறது. கிளேவஸின் கதிர்களின் எண்ணிக்கையும், அதன் விளிம்பில் உள்ள சிற்றெலும்புகளின் எண்ணிக்கையும் வேறுபடுகின்றன. தோல் துண்டுகளின் டி.என்.ஏ.வும் கரையில் கிடந்த உடல்களின் டி.என்.ஏ.வும் பொருந்தின. 2017-இல் அம்மீனுக்கு மோலா டெக்டா என்று பெயரிடப்பட்டது.

இந்த விவரிப்பின் பயன் இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 2019 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவுக்கு அருகே உள்ள கோல் ஆயில் பாயின்ட் காப்பகக் கரையில் சுமார் இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு சூரிய மீன் ஒதுங்கியது. அப்பகுதியில் வழக்கமாகக் காணப்படும் மோலா மோலா என்றே முதலில் கொள்ளப்பட்டது. படங்களைப் பார்த்த நியெகார்டும் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ரால்ஃப் ஃபாஸ்டரும், டெக்டா இவ்வளவு வடக்கே வருமா என்று தயங்கி, கிளேவஸின் குறிப்பிட்ட பகுதிகளைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டார்கள். அந்தப் படங்கள் வந்ததும் தயக்கம் நீங்கியது. ஆய்வுக்கூடத்துக்கு எதையும் அனுப்பும் முன்பே, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் இனத்தை அறிய முடிந்தது. உடலமைப்பு விவரிப்பு கவனமாக எழுதப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயர் எந்த உடலுக்கு உரியது

இரண்டு இனங்கள் உள்ளன என்று நிறுவியபின், எதற்கு எந்தப் பெயர் என்ற கேள்வி எஞ்சுகிறது. விலங்குகளின் பெயரிடல் விதிகளின்படி ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த உடலை மூலமாதிரி என்போம். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டிருந்தால் பொதுவாக முந்தையதே செல்லும். புடைத்த தலையுடைய சூரிய மீனை 1883-இல் கிக்லியோலி சூட்டிய ராம்சாயி என்ற பெயரால் பலரும் அழைத்து வந்தார்கள். அதே மீனுக்கு 1839-இலேயே இத்தாலியின் ரன்சானி அலெக்சாந்திரினி என்று பெயரிட்டிருந்தார் என்பதைச் சவாயின் குழு 2018-இல் நிறுவியதால், பழைய பெயர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட மோலா மோலாவுக்கு மூலமாதிரி இல்லாத குறையை நீக்க, அதே ஆய்வில் ஒரு புதிய மாதிரி அதற்கென்று குறிக்கப்பட்டது.

பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைக்கப்பட்டவை. ஃபார்மலின் தசையையும் எலும்பின் அமைப்பையும் நன்கு காக்கும், ஆனால் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அதனால்தான் பழைய பெயர்களைத் தீர்மானிக்கும் இடத்தில் இன்றும் எண்ணுவதும் அளப்பதுமே முதன்மை பெறுகின்றன. இன்று முறையாகப் பணிபுரிவோர், மீனைப் பிடித்தவுடன் நிறம் தெரியப் படமெடுத்து, ஃபார்மலினில் இடுவதற்கு முன்பே வலப்பக்கத்திலிருந்து சிறு தசைத்துண்டை வெட்டி அடர்ந்த எத்தனாலில் தனியே வைத்து, துண்டுக்கும் உடலுக்கும் ஒரே எண்ணைக் கட்டுகிறார்கள். வெட்டுவதற்கு வலப்பக்கத்தைத் தேர்வதற்குக் காரணம், மீன்களை இடப்பக்கம் தெரியவே வரைவதும் படமெடுப்பதும் அளப்பதும் நெடுநாள் வழக்கம் என்பதால், அப்பக்கம் சிதையாமல் இருக்க வேண்டும் என்பதே. அந்த எண் அறுந்துபோனால் டி.என்.ஏ. தரவுத்தளத்தில் இருக்கும் எழுத்து வரிசை எந்த மீனுடையது என்பதைப் பின்னால் வரும் எவரும் சரிபார்க்க இயலாது. தவறான பெயரோடு ஒருமுறை பதிவான வரிசை, அதனோடு ஒப்பிடப்படும் ஒவ்வொரு மீனுக்கும் அதே தவறான பெயரைத் தந்துகொண்டே இருக்கும்.